தலையெழுத்து போய் சுபாவம் வந்தது!

"இளகிய மனசு, உழைப்புக்கேற்ற பலன் இல்லை" என்று கிளி ஜோசியர் சீட்டைப் படித்தால் யார்தான் தலையாட்டமாட்டார்? பாவூர்சத்திரத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கும், காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவருக்கும், வயல் கூலிக்கும் அது பொருந்தத்தானே செய்யும்!

அதே சீட்டு இன்று படித்த பிள்ளைகளிடம் விஞ்ஞான வேஷத்தில் வருகிறது. மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற கேள்வித்தாள் மனிதர்களை 16 ரகமாகப் பிரிக்கிறது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் காதரின் பிரிக்ஸ், இஸபெல் மையர்ஸ் என்ற அமெரிக்கத் தாயும் மகளும் உண்டாக்கியது அது. சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் பலருக்கு ரகமே மாறிவிடுகிறது!

1948-ல் போரர் என்ற அமெரிக்க ஆசிரியர் 39 மாணவர்களுக்குச் சுபாவச் சோதனை வைத்தார். ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே பலனை எல்லோருக்கும் கொடுத்தார். "பொருந்துகிறது" என்று மாணவர்கள் 5-க்குச் சராசரி 4.26 மார்க் போட்டார்கள்!

பொழுதுபோக்கென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வேலைக்கு ஆளெடுக்க வைத்தால்தான் ஆபத்து. அதற்குப் பயன்படுத்தக் கூடாதென்று அதை விற்கும் கம்பெனியே சொல்கிறது. அப்படியும் பயன்படுத்தும் முதலாளிகள் உண்டு.

கூலி குறைந்தால் அன்று தலையெழுத்து என்றார்கள். கூலி கேட்டால் இன்று முரட்டுச் சுபாவம் என்பார்கள். நேற்றுவரை மேஸ்திரிக்குப் பயந்தவர் சங்கத்தில் சேர்ந்ததும் ஆலை வாசலில் நின்று பேசுகிறாரே, அவர் எந்த ரகம்?

கேள்வித்தாளை நீட்டினால் நாம் முதலில் கேட்போம்: இதைத் திருத்துவது யார்? யாருடைய லாபத்துக்கு?