இசைவு யாருடையது?

இணையத்தில் வாழ்க்கைத் துணை தேடுவோர் குழுக்கள் தொலைக்காட்சி ஆவணப் படங்களில் பங்குகொள்ளலாமா? கூடாது என்பதே நம் கருத்து. தனி மனிதர் விரும்பினால் பேசட்டும்; குழு தன் வாயிலைப் படக்கருவிக்குத் திறந்துவிடல் ஆகாது.

படம் பிறரை எச்சரிக்கும் என்பர். மெய்தான். 2022 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'தி டிண்டர் ஸ்விண்ட்லர்', வைர வணிகர் குடும்பத்து வாரிசாக நடித்துப் பெண்களிடம் பெரும்பணம் பறித்த ஒருவனை உலகறியச் செய்தது. ஆயின் முகங்காட்டிய பெண்கள் பெற்றதென்ன? ஏமாந்த அவர்களையே பணத்தாசை பிடித்தோர் என ஏசினர் பலர். கடனோ தீரவில்லை, பொதுமக்களிடம் நிதி கோர நேர்ந்தது. தாமே துணிந்து முன்வந்தோர் நிலையே இதுவாயின், கேளாமலே காட்டப்படும் உறுப்பினர் கதி என்னாகும்?

பிரிட்டனில் ஜெரமி கைல் நிகழ்ச்சி, பங்கேற்ற ஒருவரின் மரணத்தையடுத்து 2019இல் நிறுத்தப்பட்டது. பங்கேற்போர் நலங்காக்கும் புதிய விதிகளை ஆஃப்காம் 2021 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. தீங்கு இல்லையெனில் விதி எதற்கு?

குழுவுக்கு விளம்பரம் கிடைக்குமே என்பார்க்கு ஒன்று சொல்வோம். உறுப்பினர் தம் பெயரையும் படத்தையும் உள்ளத்து ஏக்கத்தையும் ஒப்படைத்தது துணை தேடித் தருவதற்கே. அஃது அமானிதம். அதனை விலைபேச நிர்வாகிக்கு உரிமை ஏது? விளைவை அறிந்து ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதித் தருவதே இசைவு. தலைவர் ஒருவர் எல்லோர்க்குமாய் இடும் கையொப்பம் இசைவன்று, நம்பிக்கைத் துரோகம்.