சிமெண்ட் ரோட்டுக்கும் பாத்தி கட்டணுமுங்க



தார் ரோடு ரெண்டு மழைக்குத் தாங்காது, சிமெண்ட் ரோடு போட்டா பேரன் காலம் வரைக்கும் நிக்கும்னு நம்ம பக்கம் ஒரு நெனப்பு இருக்கு. பல்லடம், அவிநாசி, காங்கேயம் சுத்துப்பட்டுல எந்த ஊருக்குள்ள போனாலும் தெருவுல சிமெண்ட் ரோடுதான். நல்லா நிக்கறதும் இருக்கு, நாலஞ்சு வருஷத்துல மூலை மூலையா உடைஞ்சு கிடக்கறதும் இருக்கு.

கேட்டா, "கனம் பத்தல, காசை அடிச்சுட்டாங்க"ன்னு சொல்லுவாங்க. கனம் முக்கியந்தான். ஆனா கனத்த மட்டும் பார்த்து ஏமாறக் கூடாதுங்கறது என் கருத்து.

கிராமத்து சிமெண்ட் ரோட்டுக்குன்னே இந்திய சாலைக் காங்கிரஸ் 2014ல ஒரு விதிமுறை போட்டிருக்கு, பேரு எஸ்.பி. 62. ரோடு 20 வருஷம் நிக்கணும்னு வெச்சுத்தான் அதுல கணக்கே. அந்த 20 வருஷம் கிடைக்கணும்னா மூணு வேலை ஒழுங்கா நடக்கணும்.

முதல்ல அடி மண்ணு. கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அடியில கிராவல் பரப்பி ரோலர் ஓட்டாம கான்கிரீட்டைக் கொட்டினா, ஒரு பக்கம் மண்ணு இறங்கி மேல இருக்கற பாளம் அந்தரத்துல நிக்கும். ஓரத்துல தண்ணி போக வழி இல்லைன்னா இன்னும் மோசம். தண்ணி வெடிப்பு வழியா உள்ள இறங்கும், லாரி ஏறும்போது சேறா வெளிய பீச்சும். இப்படியே மண்ணு போயிப் போயி அடி பொந்தாயிரும். அப்புறம் மூலை முறியாம என்ன பண்ணும்?

ரெண்டாவது கோடு வெட்டறது. குளம் வத்துனா மண்ணு பாளம் பாளமா வெடிக்குதில்ல, கான்கிரீட்டும் காயும்போது சுருங்கி வெடிக்கும். வெடிக்கற இடத்த நாமளே முடிவு பண்ணத்தான் 2.5 மீட்டர்ல இருந்து 4 மீட்டருக்குள்ள ஒரு குறுக்குக் கோடு வெட்டச் சொல்றாங்க. கனத்துல கால் பங்கு, மூணுல ஒரு பங்கு ஆழம் வேணும். இறுகினதும் ஒரு நாளுக்குள்ள வெட்டிரணும். வெட்டாம விட்டா ரோடு தன் இஷ்டத்துக்குக் கோணல்மாணலா வெடிக்கும்.

மூணாவது தண்ணி. சிமெண்ட் காஞ்சு இறுகறதில்லீங்க, தண்ணியோட சேர்ந்துதான் இறுகுது. குறைஞ்சது 14 நாள் ஈரம் காயக் கூடாது. மண்ணுல சின்ன வரப்பு போட்டு, பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும். இது நமக்குத் தெரியாத வேலையா? எங்க பக்கம் ஒரு தெருவுல மூணாம் நாளே பாத்தி வத்திருச்சு, நாலாம் நாள் செங்கல் லோடு ஏறிருச்சு. ரெண்டே வருஷத்துல ஜல்லி பல்லைக் காட்டுது.

இதெல்லாம் சரியா இருந்தாலும் நம்ம பக்கம் லாரிய மறந்து கணக்குப் போட முடியாது. சாயப்பட்டறைக்குக் கிணத்துத் தண்ணி போன காலத்த நெனைச்சுப் பாருங்க. 12,000 லிட்டர்னா தண்ணி மட்டுமே 12 டன், லாரி எடை தனி. இப்பவும் நூல் லோடு, துணி லோடு ஊருக்குள்ள பூந்துதான் போகுது. அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலத்துல 1958ல இருந்து 1960 வரைக்கும் தார் ரோடு, கான்கிரீட் ரோடு ரெண்டும் போட்டு லாரிய ஓட்டி ஓட்டிப் பார்த்தாங்க. அச்சு மேல ஏறுற எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு வர்ற சேதம் சுமார் 16 மடங்குன்னு அதுல இருந்து கணக்கு வந்துச்சு. பால் வண்டியையும் டவுன் பஸ்ஸையும் மட்டும் எண்ணிப் போட்ட ரோடு இந்த லாரிகளுக்கு எத்தனை நாள் தாங்கும்?

அதனால மே 1, ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனா "எங்க தெருவுக்கு ரோடு எப்ப?"ன்னு மட்டும் கேட்டுட்டு வந்திராதீங்க. எஸ்டிமேட்ட படிக்கச் சொல்லுங்க. அடியில என்ன போடறீங்க, சாக்கடை எங்க போகுது, கோடு எத்தனை மீட்டருக்கு ஒண்ணு, குடிதண்ணிக் குழாய் பதிச்சு முடிஞ்சுதான்னு கேளுங்க. ரோடு போட்டதும் 14 நாளைக்குத் தெருக்காரங்க முறை வெச்சு பாத்தியப் பாருங்க. கான்ட்ராக்டர் பில் வாங்கிட்டுப் போயிருவாரு, 20 வருஷம் அந்த ரோட்டுல நடக்கப் போறது நாமதானுங்க.