பிஸ்கட் டப்பா யார் கையில்?



முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருக்கிறார். அவருடைய மகனுக்கு மூன்றரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டத் தெரியாது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்தப் பொருளின் மேல் வைப்பான். ஃபேன் சுற்றுவதை மணிக்கணக்கில் பார்த்துக் கொண்டிருப்பான். டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லி, வீட்டிலேயே நடத்தைப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

"டீச்சர் வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு மணி நேரம் வர்றாங்க. மீதி நேரமெல்லாம் நான்தான். 'தா'ன்னு கை நீட்டினாத்தான் பிஸ்கட் கொடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. நான் காத்துக்கிட்டு நிக்கிறேன். அவன் அழ ஆரம்பிச்சதும் மாமியார் ஓடி வந்து, 'புள்ளைய ஏம்மா பட்டினி போடுறே'ன்னு ரெண்டு பிஸ்கட்டைக் கையில திணிச்சிடறாங்க. வீட்டுக்காரர் ராத்திரி வந்ததும் செல்போனைக் கொடுத்து உட்கார வெச்சிடறார். முன்னேற்றம் இல்லேன்னா மட்டும் எல்லாரும் என்னையே பார்க்கறாங்க" என்கிறார்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் மனசு கனத்துப் போனது. முதலில் அதற்கே பதில் சொல்லி விடலாம்.

அம்மாவைக் குறை சொல்வது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 1943-ல் அமெரிக்க டாக்டர் லியோ கானர் ஆட்டிசத்தைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார். அதன் பிறகு பல வருடங்கள், 'பாசமில்லாத தாய்தான் காரணம்' என்று படித்த டாக்டர்களே பேசி வந்தார்கள். 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் அதை மறுத்துப் புத்தகமே எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் அப்பாதான். நம் புதுச்சேரி வீடுகளில் பலருக்கு உறவு இருக்கிற பிரான்சு தேசத்திலும் அம்மாவைச் சந்தேகிக்கும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. அங்கே 2012-ல்தான் அரசின் உயர் சுகாதார ஆணையம் நடத்தைப் பயிற்சி, வளர்ச்சிப் பயிற்சி முறைகளைப் பரிந்துரை செய்தது. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. வளர்ப்பில் வந்த கோளாறு அல்ல. ஆகவே சகோதரி, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

இனி பயிற்சிக்கு வருவோம். 1987-ல் கலிபோர்னியாவில் பேராசிரியர் லோவாஸ் 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் வரை பயிற்சி கொடுத்ததாகவும், அவர்களில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பை முடித்ததாகவும் எழுதினார். அந்த 40 மணி நேரக் கணக்குதான் இன்றும் பல அம்மாக்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் அத்தனை பெரிய பலனைக் காட்டவில்லை. அப்போது தண்டனையும் சேர்த்துத்தான் கற்பித்தார்கள். இன்று அதைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. பிள்ளையை அடிக்கவே கூடாது.

நமக்குப் பக்கமான உதாரணம் ஒன்று இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2016-ல் வெளியிட்டார்கள். அதில் பெற்றோருக்கு வழிகாட்டியவர்கள் பெரிய நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் 12 சந்திப்புகள்தான். பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து பேசக் கற்றார்கள். பிள்ளைகள் தாமாகவே பெற்றோரை நாடுவது அதிகமானது. பணக்கார நாட்டு முறை நமக்கு எட்டாது என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்து கொள்ள வேண்டும். அம்மா 'தா' என்று கற்றுக் கொடுக்க, தாத்தா 'குடு' என்று சொல்ல, சித்தப்பா 'கிவ்' என்று சொல்ல, லீவுக்கு வந்த பிரான்சு அத்தை 'தொன்' என்று கொஞ்சினால், பேச்சே வராத குழந்தை எதைப் பிடித்துக் கொள்ளும்? அழுதால் பிஸ்கட் கிடைக்கிறது என்றால் அது கற்றுக் கொள்வது அழுகையைத்தான். ஐந்து பேரில் ஒருவர் விட்டுக் கொடுத்தாலும், நாளைக்கு அழுகை இன்னும் பலமாகும்.

அதனால் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். டீச்சரைக் கேட்டு, இந்த மாதம் மூன்றே மூன்று காரியம் என்று எழுதிக் கொள்ளுங்கள். எந்த வார்த்தை, எந்தச் சைகை, செய்தால் உடனே என்ன பரிசு என்பதையும் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒரு காப்பி ஒட்டுங்கள். யார் கூட இருந்தாலும், தானாகச் செய்தானா, கை பிடித்துச் செய்தானா என்று ஒரு வரி குறிக்கட்டும். அழுகையோ அடமோ வந்தால், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். காது வலியோ பல் வலியோ சொல்லத் தெரியாமல்கூட அழலாம். டீச்சர் வரும் நாளில் மாதம் ஒரு முறையாவது வீட்டுக்காரரும் மாமியாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மாமியாரை எதிரியாக நினைக்காதீர்கள். பிஸ்கட் டப்பாவை அவர் கையிலேயே கொடுத்து விடுங்கள்! "அத்தை, அவன் கை நீட்டினதும் நீங்கதான் கொடுக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள் கையைப் பிடித்து நீட்ட வைத்து உடனே கொடுக்கட்டும். போகப் போக உதவியைக் குறைக்கட்டும். பேரன் முதல் தடவை தானாகக் கை நீட்டுவது பாட்டியிடம் என்றால், அந்த வீட்டில் அதற்குப் பிறகு சண்டை ஏது? அதே சமயம் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாப்பாட்டைப் பிடித்து வைத்துக் கொண்டு பாடம் நடத்தவே கூடாது. பயிற்சிக்குப் பிஸ்கட்டின் சின்னத் துண்டு போதும்.

இன்னொன்று. கையை உதறுவதையும் ஃபேன் பார்ப்பதையும் நிறுத்துவது அல்ல நம் குறிக்கோள். தனக்கு வேண்டியதைக் கேட்கவும், வேண்டாததை 'வேண்டாம்' என்று தெரிவிக்கவும் பிள்ளைக்கு வர வேண்டும். "முழுசா குணமாக்கித் தர்றோம்" என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்.

வழிகாட்ட கோரிமேடு ஜிப்மர் இருக்கிறது. 2003-ல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது. 2016 சட்டப்படி ஆட்டிசமும் ஊனச் சான்றிதழுக்கு உரியது. அந்தச் சான்றிதழோடு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேர்ந்தால், தெரபிச் செலவு உட்பட வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு. இதற்கு அலைகிற வேலை வீட்டுக்காரருடையது!

கடைசியாக, அம்மாவின் ஓய்வையும் அந்த நோட்டில் எழுதுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடுவதில்லை. அப்பா பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டு காந்தி சிலை வரை நடந்துவிட்டு வரட்டும். அந்த ஒரு மணி நேரம் அம்மாவுக்குச் சொந்தம்.

இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இப்படிப் பிள்ளை வளர்க்கும் மற்ற சகோதரிகளும், வீட்டாரை எப்படிச் சேர்த்துக் கொண்டீர்கள் என்று எழுதுங்கள். முத்தியால்பேட்டைச் சகோதரி காத்திருக்கிறார்.