வந்த செய்தியெல்லாம் வேதவாக்கா?



"ஊசி போட்டா புள்ளைக்கு ஆகாதாமே அக்கா, போன்ல வந்திருக்கு!" 2017 பிப்ரவரியில் எங்கள் கொருக்குப்பேட்டையில் குழாயடியில் நின்றாலும் கடைக்குப் போனாலும் இதே பேச்சுதான். தமிழ்நாடெங்கும் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கிய நேரம். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் பல பெற்றோர் தயங்கவே, முகாமின் கடைசி நாளைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

தயங்கியவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்களா? இல்லவே இல்லை. படித்த தாய்மாரும் உண்டு. பின் ஏன் நம்பினார்கள்?

முதலாவது, செய்தியை அனுப்பியது நாத்தனாரும் பக்கத்து வீட்டு அக்காவும். ஆபத்துக்கு ஓடி வருகிறவர்கள் நமக்குக் கெடுதல் நினைப்பார்களா? அவர்களும் அக்கறையில்தான் அனுப்பினார்கள்.

இரண்டாவது, தட்டம்மையின் கொடுமை நம் பாட்டிமாருக்குத் தெரியும். நாம் அதிகம் பார்த்ததில்லை. ஊசி போட்டபின் வரும் காய்ச்சலோ கண்ணெதிரே தெரிகிறது.

மூன்றாவது, காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ல் மாரடைப்பால் காலமானார். ஊர் முழுக்க ஊசியைத்தான் பழித்தது. மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து, மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று பிறகு சொன்னது. அது எத்தனை பேர் காதில் விழுந்தது?

அப்படித் தயங்கிய ஓர் இளம் தாயிடம் நான் வாதாடவில்லை. "உனக்கு எதுல பயம், சொல்லும்மா" என்றேன். "போன ஊசிக்கே ராத்திரி பூரா அழுதுதுக்கா" என்றாள். அதையே நர்ஸம்மாவிடம் கேட்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டில் கர்ப்பிணி உண்டா?" என்றார். அவள் ஓரகத்திக்கு அப்போது இரண்டு மாதம்! கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் கெடலாம் என்று விளக்கினார். மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இப்போது இந்த ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒரு முறை, 16 முதல் 24 மாதத்துக்குள் மறு முறை. சந்தேகம் வந்தால் சுகாதார நிலையத்தில் தயங்காமல் கேளுங்கள். செய்தியை அனுப்பிய அக்காவையும் கோபிக்காமல் கூடவே அழைத்துப் போங்கள்!