தையில் உமி, ஐப்பசியில் கோழி

தை பிறந்து அறுவடை முடிந்ததும் கீழச்சிவல்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் உமிக்குப் பஞ்சமில்லை. நெல் அரைக்கும் இடங்களில் குவியும் உமி, செங்கற்சூளைக்கும் கொதிகலனுக்கும் எரிபொருளாகப் போய்விடுகிறது. ஒன்பது மாதம் கழித்து ஐப்பசி அடைமழையில், கொல்லைப்புறக் கோழிக்கூண்டின் ஈரத்தரையில் குஞ்சுகள் ஒடுங்கி நிற்கும்போது, இரண்டு சாக்கு உமி தேடினால் எளிதில் அகப்படுவதில்லை. தைக்கும் ஐப்பசிக்கும் இடையேயுள்ள இந்தத் தூரத்தைக் கடக்கத் தனி வீட்டில் இடமில்லை. அது சங்கத்தால் ஆகும் காரியம் என்பதே எமது அபிப்பிராயம்.

“பாட்டி பஞ்சாரத்தில் கவிழ்த்து வளர்த்த கோழிக்குப் படுக்கை எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அக்கோழி பகலெல்லாம் வெளியில் மேய்ந்து, இரவு மட்டும் பஞ்சாரத்தில் அடைந்தது. இன்றோ வேலியும், தெருநாயும், பக்கத்து வயலின் விதைப்பும் கருதிப் பத்துக் கோழிகளை நாள் முழுதும் அடைத்து வளர்க்க வேண்டியிருக்கிறது. அடைத்த இடத்தில் எச்சம் தேங்கும்; தேங்கிய எச்சம் ஈரமானால் காரநெடி கிளம்பும்; அந்நெடி கண்ணையும் மூச்சுக்குழலையும் கெடுக்கும். ஈரப் படுக்கையில் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமியும் பெருகும்.

ஆழ்கூளம் என்று இன்று நாம் கூறும் முறை, 1940-களில் அமெரிக்காவின் ஓஹாயோ மாகாண வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் ஆராயப்பட்டது. உலர்ந்த பொருளை நான்கு அங்குல உயரம் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிட்டால், எச்சம் அதனுடன் கலந்து தானே மட்கிவிடும். ஆகவே எப்பொருள் ஈரத்தை வாங்கி விரைவில் உலர்கிறதோ, அதுவே நல்ல படுக்கை.

இந்த அளவுகோலால் நம் பக்கத்துப் பொருள்களை நோக்குவோம். உமி கட்டிபிடிக்காது, கிளறுவது எளிது, விலையும் குறைவு. ஆனால் தவிடு கலந்து தூளாய் வரும் உமி பூஞ்சை பிடிக்குமாதலால், முழு உமியையே வாங்க வேண்டும். குஞ்சுகள் உமியைத் தீனி என்றெண்ணிக் கொத்தும்; முதல் சில நாள்களுக்கு அதன்மேல் காகிதம் விரித்து, நாள்தோறும் மாற்றுதல் அவசியம்.

நிலக்கடலைத் தோல் ஈரத்தை நன்கு உறிஞ்சும். எனினும் அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர் கண்டார்கள். அந்த நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயரிட்டனர். அது தீவனத்தால் வந்த கேடுதான். ஆயினும் படுக்கையையும் கொத்தித் தின்னும் கோழிக்குக் கறுத்த, பச்சை படர்ந்த தோலை இடலாகாது. வெயிலில் காய்ந்த தோலை நொறுக்கி இட்டால் குறையில்லை.

தென்னை நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைப்பது. தோட்டத்துக்கு அது குணம். மழைக்காலக் கூண்டுக்கு அதுவே குற்றம். மரத்தூளாயின், வார்னிஷ் பூசிய பழமரத்தையும் ஒட்டுப்பலகையையும் அறுத்த தூள் வேண்டா.

நெசவாளர் வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தறியடியில் சேரும் நூற்கழிவு மெத்தென்று இருக்கிறதே என்று கூண்டில் இடாதீர்கள். நூல் குஞ்சின் கால்விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்தும். விழுங்கினால் இரைப்பையை அடைத்துவிடும்.

மழை நாளில் சோதனை எளிது. ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். கட்டியாகவே நின்றால் ஈரம் மிகுதி. அப்பகுதியை அகற்றி, புதிய உமி சேர்த்துக் கிளறவும். பிடிபடாமல் புழுதியாய்ப் பறந்தால் வறட்சி மிகுதி. மெல்ல உதிர்ந்தால் சரி. தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல்மேல் உயர்த்தி வைத்தாலே பாதி ஈரம் குறையும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடியாகப் பத்துக் கோழிக்கு இருபது சதுர அடி. நான்கு அங்குல உயரத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ உமி போதும். ஐம்பது வீடுகளுக்கு ஒரு டன். இதைத் தையில் மொத்தமாக வாங்கிக் கிடங்கின் ஒரு மூலையில் உலர்வாக அடுக்குவது சங்கத்துக்குப் பெருஞ்சுமையன்று.

அதன் பலனோ இருபுறமும் வரும். தொழுவுரத்தில் நூற்றுக்கு அரைப்பங்கு தழைச்சத்து. மட்கிய ஆழ்கூள எருவில் ஏறக்குறைய மூன்று பங்கு. நெசவாளர் வீட்டுக் கூண்டில் உமியாய் நுழைந்தது, உழவர் வயலுக்கு எருவாய்த் திரும்பலாம். எருவின் விலையில் உமியின் விலையைக் கழித்து, மீதியைக் கூண்டை வளர்க்கும் பெண்ணின் கணக்கில் வரவு வைக்கலாம்.

“கடனும் உரமும் நூலும் தருவதே சங்கத்தின் வேலை, உமியும் அதன் வேலையா?” என்று ஐயுறுவோர்க்கு எமது விடை இது: தனியொருவரால் சேமிக்க இயலாததைப் பலர் கூடிச் சேமிப்பதற்கே சங்கம் ஏற்பட்டது. முட்டை விற்ற காசில் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் வாங்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. அவ்வீட்டுக் குஞ்சுகள் ஒவ்வோர் ஐப்பசியிலும் ஈரத்தில் மடிவதை விதியென்று விட்டுவிடலாகாது. அடுத்த மகாசபையில் அங்கத்தினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம். தை வருவதற்குள் கிடங்கில் ஒரு மூலை காலியாகட்டும்.