நிறமிழந்த நாடாக்கள்: பழைய பாப் பாடல்களும் 'வந்தேறி' என்னும் வசையும்

பழைய இசைக் காணொளிகளை நினைத்து உருகுவது நம்மிடையே ஒரு தொற்றாகவே பரவியிருக்கிறது. 1991-க்குப் பிறகு செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் கேபிள் கம்பியும் வீட்டுக்குள் கொண்டுவந்த பாப் பாடல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நாற்பதைக் கடந்தவர்களின் குரல் தழுதழுக்கிறது. உருகுவதில் எமக்கு ஆட்சேபம் ஏதுமில்லை. நாங்களும் அந்தத் தலைமுறையினரே. எமது ஆட்சேபம் அந்த உருகலின் இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியது. முதல் வாக்கியம் 'என்ன பாட்டு, என்ன காலம்!' என்று முடிகிறது. இரண்டாவது வாக்கியம் 'அப்போதெல்லாம் ஊர் நம் ஊராக இருந்தது. இப்போது எங்கு திரும்பினாலும் வடக்கன்' என்று தொடங்குகிறது.

இவ்விரண்டு வாக்கியங்களும் ஒரே வாயிலிருந்து வரும்போது அதை வெறும் ஏக்கம் என்று எம்மால் கடந்துபோக இயலவில்லை. எந்தப் பாடல்களை நினைத்து இவர்கள் கண்கலங்குகிறார்களோ, அவற்றில் பெரும்பாலானவை 'வந்தேறி' என்று ஏசப்பட்ட மனிதர்களால் ஆக்கப்பட்டவை. இதை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. 'இந்தியாவில் செய்யப்பட்டது', யாரால்?

1995-இல் வெளிவந்த 'மேட் இன் இந்தியா' பாடலிலிருந்தே தொடங்குவோம். அலிஷா சினாய் பாடியது. கென் கோஷ் இயக்கிய காணொளியில் மிலிந்த் சோமன் தோன்றினார். உலகத்து ஆடவரையெல்லாம் நிராகரிக்கும் இளவரசி கடைசியில் இந்தியனைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பது கதை. தாராளமயம் வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு தேசத்தின் தன்மதிப்புக் கவலைக்கு அது தடவப்பட்ட மருந்து. சுதேசிப் பெருமைக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது.

அதன் இசையமைப்பாளர் யார்? பித்து. பெங்களூரில் பிறந்து 1967-இல் இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போன இளைஞர். அவர் தயாரித்து 1974-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த 'குங் ஃபூ ஃபைட்டிங்' பாடலைப் பாடியவர் கார்ல் டக்ளஸ், ஜமைக்காவில் பிறந்து குடியேறியவர். 1980-இல் 'குர்பானி' படத்துக்காக அவர் இசையமைத்த பாடலைப் பாடிய நாசியா ஹசன், லண்டனில் வளர்ந்த பாகிஸ்தானியச் சிறுமி. ஆக, இந்தியப் பெருமையின் கொடியாக நாம் ஏற்றிய பாடலைப் பின்னியவர் லண்டனில் குடியேறிய ஒரு கன்னட நாட்டுக்காரர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாடலை முணுமுணுத்துக்கொண்டே, பிழைக்க வந்தவனுக்கு வீடு தர மறுப்பதில் வெட்கப்பட நிறைய இருக்கிறது.

அடுத்து அப்பாச்சி இந்தியன். 1996-இல் பி. வாசு இயக்கிய 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் பிரபுதேவாவுடன் திரையில் ஆடிப்பாடியவர். தமிழ்நாட்டுக் கல்லூரி விழாக்களில் அந்தப் பாடலுக்கு ஆடாதவர் அபூர்வம். ஸ்டீவன் கபூர் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் பர்மிங்காமில் பிறந்த பஞ்சாபி. ஜமைக்கா மொழிநடையும் பஞ்சாபியும் கலந்து பாடியவர். அதே பர்மிங்காமில்தான் 1968 ஏப்ரல் 20 அன்று ஏனோக் பவல் குடியேறிகளுக்கு எதிரான தமது பேர்பெற்ற உரையை ஆற்றினார். அன்று அப்பாச்சி இந்தியனுக்கு ஒரு வயது இருக்கலாம். அந்த உரை விரும்பியது நடந்திருந்தால் அந்தக் குழந்தையும் அதன் பெற்றோரும் பஞ்சாபுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள். நமக்கு ஆட ஒரு பாட்டு குறைந்திருக்கும்.

'அப்போதெல்லாம் இசையில் அரசியல் இல்லை' என்பவர்களுக்கு எமது மறுமொழி இதுதான்: அரசியல் இருந்தது, அந்த மொழி நமக்குப் புரியவில்லை. புரியாததை நாம் தூய்மை என்று எண்ணிக்கொண்டோம்.

2. சொல்தா வீடுகளும் தங்கும் உரிமை அட்டையும்

வீராம்பட்டினத்திலிருந்து எழுதும் எமக்கு இந்த ஏக்கத்தின் இன்னொரு கிளையும் தெரியும். புதுச்சேரியில் சொல்தா குடும்பங்கள் என்றொரு வகை உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரின் வீடுகள். எண்பதுகளில் அவ்வீடுகளுக்குப் பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர்கள் பிரெஞ்சுப் பாடல்கள் பதிந்த வீடியோ நாடாக்களையும் கொண்டுவந்தார்கள். பிரான்சில் செக்காம் முறை, இங்கே பால் முறை. அந்த நாடாவை இங்குள்ள கருவியில் இட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். வண்ணத்தில் எடுக்கப்பட்ட ஒரு நாட்டை நிறமிழந்த நிலையில் கண்டு மயங்கிய தலைமுறை ஒன்று இந்நகரத்தில் இருக்கிறது. நிறம் மட்டுமா விடுபட்டது?

1986-இல் பிரான்சில் 'தூஸ் ஃபிரான்ஸ்' என்னும் பழைய பாடலைப் புதிய தாளத்தில் ஒரு ராக் குழு பாடியது. மூலப்பாடல் ஷார்ல் திரெனே எழுதியது; இனிய பிரான்சைப் பற்றிய ஏக்கப் பாடல்; ஒவ்வொரு பிரெஞ்சுக் குழந்தைக்கும் தெரிந்தது. புதிதாகப் பாடிய ரஷீத் தாஹா அல்ஜீரியாவில் பிறந்து பத்து வயதில் பிரான்சுக்கு வந்தவர்; தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய குழுவின் பெயரே 'கார்த் த செஷூர்', அதாவது வெளிநாட்டவர் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்க வேண்டிய தங்கும் உரிமை அட்டை. குடியேறிகளின் பிள்ளைகளுக்குக் குடியுரிமையைக் கடினமாக்கும் சட்டத் திருத்தம் அப்போது பேசப்பட்டு வந்தது. முன்னாள் பண்பாட்டு அமைச்சர் ழாக் லாங் அந்த இசைத்தட்டை நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே விநியோகித்தார். 'உங்கள் ஏக்கத்தில் எங்களுக்கும் பங்குண்டு' என்று ஒரு குடியேறி, அவர்களுடைய பாட்டைக் கொண்டே அவர்களிடம் சொன்ன தருணம் அது. ஏக்கத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு எமக்குத் தெரிந்த சிறந்த சான்று.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது அயல் கதை அன்று. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நிகழ்ந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாக நீடித்தனர். எழுதிக் கொடுக்காமல் இங்கே வாழ்ந்துவந்தவர்கள் இந்தியர் ஆயினர். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். ஒரு கையெழுத்தும் ஒரு கெடு நாளும் அடையாளம் என்பதைத் தீர்மானித்த ஊர் இது. அடையாளம் என்பது ரத்தத்தில் ஊறிவருவது என்று வேறெந்த ஊர்க்காரர் சொன்னாலும் நாம் பொறுக்கலாம், புதுச்சேரிக்காரர் சொல்லக்கூடாது.

2002 ஏப்ரல் 21 அன்று பிரான்சின் அதிபர் தேர்தலில் ழான் மரி லெபென் இரண்டாம் சுற்றுக்கு வந்தார். 2017-இலும் 2022-இலும் அவருடைய மகள் வந்தார். அவ்வேளைகளில் இங்குள்ள உறவினர் எவ்வளவு கலங்கினர் என்பதை அறிவோம். 'அங்கே நம் பிள்ளைகளை வந்தேறி என்கிறார்களே' என்று அங்கலாய்த்த அதே திண்ணைகளில், இன்று ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து கட்டடம் கட்டுபவனைப் பற்றி என்ன பேசப்படுகிறது? அங்கே வசையாக ஒலிக்கும் சொல் இங்கே எப்படி வரலாற்று உண்மையாகிவிடுகிறது?

3. நம் பாட்டு, அவர்களுக்கு வந்தேறியின் பாட்டு

தமிழ்ப் பாப் இசையின் பொற்காலம் பற்றிப் பேசும் எவரும் 2006-இல் வெளியான 'வல்லவன்' தொகுப்பைக் குறிப்பிடாமல் விடமாட்டார்கள். யோகி பி-யும் நட்சத்திரா குழுவினரும், 'நிழல்கள்' (1980) படத்தின் இளையராஜா பாடலை எடுத்து 'மடை திறந்து' என்று ராப் வடிவில் ஆக்கினர். அதன் காணொளி சென்னையிலும் புதுச்சேரியிலும் கொண்டாடப்பட்டது. 'நம் தமிழ்ப் பையன்கள்' என்றோம். மலேசியாவில் அவர்களைப் போன்றவர்களுக்கு வைக்கப்பட்ட பெயர் 'பெண்டாத்தாங்'. வந்தேறி என்றே பொருள். ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட கூலிகளின் பேரர்களை, மூன்று தலைமுறைக்குப் பிறகும் அச்சொல் துரத்துகிறது. தொகுப்பு வெளியான மறு ஆண்டு, 2007 நவம்பர் 25 அன்று, கோலாலம்பூர் வீதிகளில் ஹிண்ட்ராப் அழைப்பின்பேரில் மலேசிய இந்தியர்கள் திரண்டபோது கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியுமே எதிர்கொண்டன. அந்தப் பாட்டையும் அந்த வீதியையும் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு இரண்டுமே விளங்கவில்லை என்போம்.

இலங்கையைப் பாருங்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். அப்படித் தாயகம் 'திரும்பிய' தோட்டத் தொழிலாளி ஒருவரின் பேரன்தான் அறிவு. 2021 மார்ச்சில் தீயுடன் அவர் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' காணொளியில் அப்பாட்டி வள்ளியம்மாளும் அமர்ந்திருக்கிறார். இலங்கையில் இந்தியக்காரர், தமிழ்நாட்டில் சிலோன்காரர். அதையும் ரசித்தோம், பொருளை மட்டும் கீழே வைத்துவிட்டோம்.

மாதங்கி அருள்பிரகாசத்தின் கதையும் அதுவே. எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் பாடும் அவர் அகதியாக இங்கிலாந்தில் வளர்ந்தவர். 2015-இல் தாமே இயக்கிய 'பார்டர்ஸ்' காணொளியில் வேலிகளில் ஏறும் மனிதர்களையும் நெருக்கியடித்த படகுகளையும் காட்டினார். அதில் அவர் அணிந்திருந்த, எழுத்து மாற்றப்பட்ட சட்டைக்காகப் பாரிஸ் சென்ஜெர்மேன் கால்பந்துக் கழகம் ஆட்சேபக் கடிதம் அனுப்பியது. படகில் இருந்த மனிதர்களைவிடச் சட்டையில் இருந்த எழுத்து பெரிதாகத் தெரிந்தது. கடற்கரையில் வாழும் எமக்கு அந்தப் படகுகளே பெரிதாகத் தெரிந்தன.

4. எதிர்வாதங்கள் இரண்டு

'கூலி குறைகிறதே, உள்ளூர்க்காரன் வேலை இழக்கிறானே' என்பது முதலாவது. இக்கவலை பொய்யன்று, அதை ஏளனம் செய்வோர் வசதியான நாற்காலியில் இருப்பவர்கள். ஆனால் 1979-இலேயே மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர்க்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டு, ஒரே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளியைவிடக் குறைவான கூலி தரலாகாது என்று விதிக்கப்பட்டது. விதியை மீறியவர் ஒப்பந்தக்காரர். அவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரர், நம் மொழிக்காரர். கோபம் ஏன் அவர் வீட்டுக்குப் போகாமல், தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துறங்குபவனிடம் போகிறது? அவர் பலமானவர் என்பதைத் தவிர வேறு காரணம் எமக்குத் தெரியவில்லை.

'தமிழ் கரைந்துவிடும்' என்பது இரண்டாவது. மொழிக் கவலையில் நாங்கள் எவருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். ஆயினும் 1965-இன் போராட்டம் ஆட்சிமொழிக் கொள்கையை எதிர்த்து நடந்தது. பானிபூரி வண்டியை எதிர்த்து நடக்கவில்லை. அதிகாரத்தின் மொழித்திணிப்பும் ஏழையின் தாய்மொழியும் ஒன்றல்ல என்ற தெளிவு அன்று மாணவர்களுக்கு இருந்தது. இந்தத் தெளிவை இழப்பதுதான் தமிழுக்கு நேரும் இழப்பு. வந்தவனின் பிள்ளைக்கு நம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பது மொழியை வளர்க்கும் வழி. அவனை வெருட்டுவது எந்த மொழியையும் வளர்த்ததாக வரலாறு இல்லை.

வெருட்டலின் விலையை 2023 மார்ச்சில் கண்டோம். பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. அதற்குள் அஞ்சி ரயிலேறியவர்கள் ஏறிவிட்டனர். காணொளிகள் பொய்தாம். ஆனால் அவை நம்பப்பட்டன. நம்பும்படியான ஒரு பேச்சை நாம் முன்னமே பேசி வைத்திருந்தோம் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டாமா?

5. இந்தக் கரையின் கணக்கு

எமது ஊருக்கு உலக அறிஞர் நடுவே ஒரு பெயர் உண்டென்றால் அது அரிக்கமேட்டால் வந்தது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். தொடர்ந்து அகழ்ந்த கசால் 1949-இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பில் வீராம்பட்டினத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. கிடைத்தவை என்ன? இத்தாலிய மட்கலங்கள், மது கொணர்ந்த சாடிகள், மணிகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள். கடல் கடந்து வந்தவனின் உடைந்த சாடியும் உள்ளூர்க்காரனின் பெயர் எழுதிய ஓடும் ஒரே மண்ணில் கிடந்தன. ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேருக்குப் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த மரபை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். துணைநிலை ஆளுநர் அதைத் தொடர்கிறார். அயலான் ஆளுநனாக வந்தால் கையில் வடம், கூலியாக வந்தால் வாயில் வசை என்பது என்ன நியாயம்?

நம் கடலோரத்தவரும் பிழைக்கப் போனவர்களே. 2020 கொரோனாக் காலத்தில் ஈரானில் படகு வேலைக்குப் போய்ச் சிக்கித் தவித்தவர்களை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலஷ்வா தூத்துக்குடிக்கு வந்தது. சுமார் 700 பேர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழக மீனவர்கள். பாரசீகக் கரையில் அவர்களும் வடக்கன்களே, அல்லது அங்கே அதற்கு ஈடான ஏதோ ஒரு சொல்லுக்குரியவர்கள்.

எனவே எமது வேண்டுகோள் எளியது. பழைய பாடல்களைக் கேளுங்கள், காணொளிகளைப் பாருங்கள், உருகுங்கள். ஆனால் முழுவதையும் பாருங்கள். இசையமைத்தவன் எந்தக் கப்பலில் வந்தான், பாடியவளின் பெற்றோரிடம் எந்த அதிகாரி எந்தத் தாளைக் கேட்டான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதன் பிறகும் அந்த இரண்டாவது வாக்கியம் வாயில் வருமானால், முதல் வாக்கியத்தைச் சொல்லும் உரிமை உமக்கு இல்லை என்பதே எமது நிலைப்பாடு.