புகையா, பனியா, ஆவியா?



மார்கழி விடியலில் ஸ்ரீராம்புரம் தெருக்களில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவது என் வழக்கம். போன வாரம் மெட்ரோ பாலத்தைத் தாண்டும்போது தெருமுனையில் வெள்ளையாய் ஏதோ எழும்பியது. "அண்ணே, அங்கே அடுப்பு பத்தவெச்சாச்சு. புகை வருது பாருங்க" என்றேன். கூட வந்த அண்ணன், "பனியா இருக்கும்ப்பா" என்றார்.

கிட்டப் போனோம். தள்ளுவண்டிக்கார அக்கா அப்போதுதான் இட்லிக் கொப்பரையைத் திறந்திருந்தார். ஆவி! அடியில் கேஸ் அடுப்பு நீலமாய் எரிந்தது. "நெருப்பு இருக்கா இல்லையா?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "இருக்குப்பா. நீ சொன்ன புகை எங்கே?" என்றார் அண்ணன். பதில் சொல்ல முடியாமல் நாலு இட்லி சாப்பிட்டேன்.

இந்த வழக்குக்கு மணிமேகலையில் எப்போதோ தீர்ப்பு எழுதியாயிற்று. அதன் 29-ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு வாதத்தின் உறுப்புகளைப் பாடம் சொல்கிறார். நிறுவ வேண்டியது பக்கம்: மலையில் நெருப்பு உண்டு. அதற்குக் காரணம் ஏது: புகை தெரிகிறது. இரண்டுக்கும் உள்ள உறவைக் காட்டுவது திட்டாந்தம்: நம் வீட்டு அடுக்களை. உபநயம், நிகமனம் என்று மேலும் இரண்டு இருந்தாலும் அவை திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்கிறார்.

அடுத்து போலிகளுக்கு வருகிறார். ஏதுப் போலியில் அசித்தம் என்ற பிரிவு மட்டுமே நான்கு வகை. அதில் ஒன்று, ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே புகை என்று வைத்துக்கொண்டு, நெருப்பு உண்டு எனத் துணிவது. என் தப்பு அச்சு அசலாக அங்கே இருந்தது! முடிவு சரியாக அமைந்துவிட்டது என் அதிர்ஷ்டம். அதனால் என் காரணம் சரியாகிவிடாது.

நம் டீக்கடைப் பேச்சையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். 2014 மார்ச்சில் இங்கே மெட்ரோ ஓடத் தொடங்கியது. "மெட்ரோ வந்துச்சு, வாடகை ஏறிடுச்சு" என்பது பலரின் கட்சி. இருக்கலாம். ஆனால் அடிகள் எதிர்மறைத் திட்டாந்தமும் கேட்பார்: நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை என்று காட்ட வேண்டும். மெட்ரோ எட்டாத பேட்டைகளில் வாடகை ஏறாமல் நின்றதா? அதையும் விசாரித்துவிட்டுப் பேசினால் பேச்சு கனக்கும்.

என் மேசைக்கு வரும் கடிதங்கள் சிலவற்றில் பக்கம் மட்டும் உரத்த குரலில் இருக்கிறது. ஏதுவைத் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் கட்டுரைகளிலும் அந்தக் குறை உண்டு. கண்டால் விடாதீர்கள். 'முடிவு பிடிக்கவில்லை' என்பதோடு நிறுத்தாமல், எந்தக் காரணம் நிற்கவில்லை என்று எழுதுங்கள்.

நாளை காலையும் நடை உண்டு. வெள்ளையாய் எது எழும்பினாலும், கிட்டப் போய்ப் பார்த்த பிறகே வாய் திறப்பதாக அண்ணனிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்